கோட்டைக்குள் ஹெலிகாப்டர்

“சித்தப்பா, 1806லயே வேலூர்க் கோட்டையில ஹெலிகாப்டர் இருந்துச்சா?”

மாசிக் கடைசியில் குடியாத்தத்திலிருந்து அண்ணன் மகன் போனில் கேட்டான். முதல் நாள் ராத்திரி நான் வாசித்துப் பதிந்து அனுப்பியது வேலூர்ப் புரட்சி பாடம். ஜூலை 10, விடியாத நேரம், கோட்டைக்குள் 69வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கும் கொட்டடியை நம்மூர்ச் சிப்பாய்கள் சூழ்கிறார்கள், சேதி ஆற்காட்டுக்குப் போகிறது, அங்கிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு கிளம்புகிறான் என்று குரலை ஏற்றி இறக்கி, என் கணக்கில் பிரமாதமாக வாசித்திருந்தேன். ஆனால் கில்லஸ்பி கிளம்புவதற்கு ரொம்ப முன்னாலேயே கோட்டைக்கு மேல் ஏதோ ஒன்று டுர்ர்ர் என்று வட்டம் போட்டுக்கொண்டே இருந்ததாம்.

அது என் கம்ப்யூட்டர்.

அவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறான். கம்ப்யூட்டரில் அவன் படிப்பதெல்லாம் என்விடிஏ மூலமாகத்தான். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு பேர் 2006ல் ஆரம்பித்து இலவசமாகவே கொடுத்து வரும் திரைவாசிப்பான் அது. அந்த இயந்திரக் குரலை அவன் ஓட விடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அப்புறம் எதற்கு நான் வாசிக்க வேண்டும்? அவனுக்கு வேண்டிய சில புத்தகங்கள் பழசு. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றப் பார்த்தால் கந்தல்கோலம். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சானவற்றில் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவம். மென்பொருள் அதைப் பார்த்ததும் திகைத்துப்போய் எதையோ உளறுகிறது. எனக்கு அந்த எழுத்து பழக்கம், அப்பா காலத்துப் புத்தகங்களில் படித்தது. அதனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல், விருதம்பட்டில் நாய்கள் அடங்கிய பிறகு, ஒரு மணி நேரம் வாசித்துப் பதிவேன். சீலிங் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். மைக்குக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தி வைப்பேன். காட்பாடி ஜங்ஷனில் வண்டி ஹாரன் அடித்தால் அந்த வரியை மட்டும் திரும்ப வாசிப்பேன். இவ்வளவும் செய்துவிட்டு, மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி அந்தத் தகர டப்பாவை ஓட விட்டிருக்கிறேன்!

எனக்கு அது கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பகலெல்லாம் அதன் எதிரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி என்று வடிவமைக்கிற ஆள் நான். பத்து வருஷமாகக் காதில் விழுந்துகொண்டே இருப்பது சத்தமாகவே தெரிவதில்லை. “உனக்குக் காது ரொம்பக் கூர்மைப்பா” என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கண்ணு தெரியாதவனுக்குக் காது கூர்மைன்னு பஸ்ல வரவன் போறவன்லாம் சொல்றான், நீங்களுமா? தறிக்காரன் வூட்டுப் பையனுக்குக் காது கூர்மை. அவ்ளோதான்.” உண்மைதான். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீடு அவனுடையது. அண்ணனும் அப்படித்தான், திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எந்தத் தறியில் நாடா இடிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

முதலில் செலவில்லாத வழியைத்தான் பார்த்தேன். ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. பேசாமல் இருக்கும் சில விநாடிகளை மாதிரியாகக் காட்டினால், அந்தச் சத்தத்தை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். கழித்தது. கூடவே என் குரலிலும் கொஞ்சம் கழித்தது. ச, ஷ எல்லாம் தண்ணீரில் ஊறிப்போய், கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். “ஹெலிகாப்டரே தேவல” என்றான்.

சரி, டப்பாவைத் திறந்தாவது பார்ப்போம் என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். அந்தத் தகடு அதிராமல் இருக்க இடுக்கில் நான் எப்போதோ மடித்துச் செருகிய கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது, ஓரத்தில் மஞ்சள் தடவியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. உள்ளே பாலாற்று மணலை மாவாகச் சலித்த மாதிரி தூசி, ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு, பின்பக்கத்து 80 மி.மீ. ஃபேனின் இறக்கைகளில் கம்பளி போலப் படிந்த அழுக்கு. அந்தச் சின்ன ஃபேன்தான் நிமிஷத்துக்கு 2,600 சுற்று சுற்றி ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதில் நாலு நாள் அமைதி. ஐந்தாம் நாள் பழைய பாட்டு.

“ஃபேன் சத்தத்துக்கு நாப்பதாயிரமாங்க?” என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. வைகாசி முகூர்த்தம் வருகிறது, இரண்டு அடுக்கு பேனர் திறந்தாலே இந்தக் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான், மாற்றுவதை அமைதியானதாக மாற்றுவோமே என்று வாதாடினேன். முழுப் பொய்யில்லை.

வேலூரில் விசாரித்த இடத்திலெல்லாம் கண்ணாடிக் கதவு வைத்து உள்ளே கலர் கலராக லைட் எரிகிற கேபினெட்தான் இருந்தது. மாரியம்மன் திருவிழா சீரியல் செட் மாதிரி. “லைட்டே எரியாததா? ஆபீசுக்கா சார்?” என்று ஒரு பையன் பாவமாகப் பார்த்தான். சத்தம் போடாத கேபினெட் என்றதும் அவனுக்குப் புரியவில்லை. “கேபினெட் எங்க சார் சத்தம் போடும்?”

கடைசியில் ஒரு சனிக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனேன். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. முன்கூட்டியே போனில் பேசி எடுத்து வைக்கச் சொல்லியிருந்த கடையில் கேபினெட்டைத் தட்டிப் பார்த்தேன். பழையதைத் தட்டினால் காலி எண்ணெய் டின். இது ஊறிய மரக்கதவைத் தட்டிய மாதிரி தொப்பென்றது. இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தகடு, உள்பக்கம் தார் கலந்த கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு கதவு, அதன் உள்முதுகில் பஞ்சு. காற்று நேராக நுழையாமல் கதவின் ஓரப் பிளவுகளில் வளைந்து வருகிறது. காற்று வளைந்து போகும், சத்தம் அப்படிச் சுலபமாக வளையாது, அதுதான் உத்தி. 9,500 ரூபாய், கிட்டத்தட்ட பத்து கிலோ.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், கிராபிக்ஸ் அதிலேயே இருப்பதால் தனிக் கார்டும் அதன் ஃபேனும் மிச்சம். பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, மின்சாரம் கொடுக்க 450 வாட் எஸ்எம்பிஎஸ், ப்ராசஸர் சூட்டை இறக்க ஒரு டவர் கூலர். ஆடம்பரம் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு நாக்டுவா 140 மி.மீ. ஃபேன். ஆஸ்திரியாக் கம்பெனி. காப்பித்தூளும் சந்தனமும் சேர்ந்த நிறம், யாராவது வேண்டுமென்றே இப்படி ஒரு நிறம் அடிப்பார்களா என்று தோன்றும். ஆனால் பணம் நிறத்துக்கு இல்லை. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளிவிடும், சத்தமோ வேகத்தோடு தாறுமாறாக ஏறுகிற சமாச்சாரம். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் படும். 1,500 வரை சுற்றக்கூடிய அந்த ஃபேன்களை நான் 550ல்தான் ஓட்டுகிறேன்.

சாயங்காலம் அதே ஏலகிரியில் திரும்பும்போது கேபினெட் பெட்டி மேல் பலகையில் ஏறவில்லை, காலடியில் வைத்துக்கொண்டேன். அரக்கோணம் வரை வந்த பெரியவர் “ஏர்கூலரா?” என்றார். கம்ப்யூட்டர் பெட்டி என்றேன். “டிவிதான் இப்ப எளச்சிப் போச்சு, இது மட்டும் இன்னும் எளைக்கலியா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். அம்மா தன் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கொடுத்தாள். ஸ்க்ரூ போட்டு வைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. கேபினெட்டோடு வரும் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மரை இரண்டு விதம். ஒன்று அகல மரை, ஒன்று நெருக்க மரை. மாற்றித் திருகினால் பாதியில் சிக்கி மரையைத் தின்றுவிடும். நான் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் விரல் நகத்தால் ஒரு தடவை வருடிவிட்டு கடுகுக் கிண்ணத்திலும் சீரகக் கிண்ணத்திலும் பிரித்துப் போட்டான்.

ப்ராசஸரை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்த ரகத்தில் ஊசிகள் ப்ராசஸரின் அடிவயிற்றில் இருக்கின்றன, 1,331 ஊசி. ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம், அதை சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்தால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். அழுத்தினால் போச்சு. பிறகு கூலர். அதற்காக போர்டில் இருக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பின்னாலிருக்கும் இரும்புத் தகடு கழன்று விழும். ஆகவே போர்டைக் கேபினெட்டுக்குள் மாட்டுவதற்கு முன், மேஜைமேல் வைத்தே கூலரைப் பூட்டிவிடுவது உத்தமம். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வைக்கும் பசை துவரம்பருப்பு அளவு போதும்.

எம்.2 எஸ்எஸ்டியைப் பிடிக்கும் ஸ்க்ரூ இருக்கிறதே, அதைச் செய்தவனுக்கு நம்மேல் என்ன கோபமோ. மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஸ்க்ரூ டிரைவர் நுனியிலிருந்து நழுவியது. நான் குனிந்து போர்டில் தேடுகிறேன். உள்ளேயே கிடந்து கரண்ட் பாய்ந்தால் எட்டாயிரம் ரூபாய் போர்டு கருகும். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். “போர்டுல இல்ல சித்தப்பா. மொதல்ல அட்டைப்பெட்டி மேல பட்டுது, அப்புறம் மொசைக் தரை, அப்புறம் உருண்டுது, அப்புறம் மரத்துல இடிச்சி நின்னுச்சு.” கட்டில் காலோரம் கையை விட்டுத் துழாவினேன். இடது பக்கக் காலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் கேட்டதெல்லாம் ஒரு “டிக்”தான்.

முதல் தடவை ஆன் செய்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை. ரேம் ஒன்று முழுக்க உட்காரவில்லை, எடுத்துப் போட்டதும் வந்தது. கதவுகளைச் சாத்தினோம். அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாடா, ஓடுதா இல்லியா? சத்தமே காணோம்” என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இவன் பக்கம் திரும்பினேன்.

“மூச்சு விடுது” என்றான்.

என்ன?

“கொஞ்ச நேரம் சும்மா கீது, அப்புறம் ஒரு மூச்சு இழுக்குது, விடுது. மறுபடி சும்மா.”

காதைப் பெட்டியோடு ஒட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கூலர் ஃபேன். ப்ராசஸர் ஏதாவது சின்ன வேலை செய்தால் போதும், அதன் சூடு ஒரு விநாடிக்கு 45லிருந்து 60 டிகிரிக்குத் தாவிவிட்டு இறங்கும். போர்டு அந்தத் தாவலைப் பார்த்துப் பதறி ஃபேனை முடுக்குகிறது, அதற்குள் சூடு இறங்கிவிட, ஃபேனும் இறங்குகிறது. பழைய டப்பாவோடு ஒப்பிட்டால் இது ஒரு சத்தமே இல்லை என்று நான் வாதாடினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “பழசு ஒரே மாதிரி ஓடுச்சு. ரெண்டு நிமிஷம் கேட்டா மறந்துடும். எங்க வூட்ல எட்டுத் தறி ஓடும்போதே தூங்குவேன். ஒரு தறி நின்னு நின்னு ஓடுனா முழிச்சிக்குவேன்.”

அமைதியான கம்ப்யூட்டர் பற்றி நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் டெசிபல் கணக்குத்தான் சொன்னார்கள். இந்தத் தறிக் கணக்கை யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் ஃபேனின் வேகக்கோட்டைத் திருத்தினேன். 65 டிகிரி வரை ஒரே வேகம், அதற்குமேல்தான் ஏற்றம், ஏறுவதற்கும் சில விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஏறு என்று. மூச்சு நின்றது.

நின்றதும் அடுத்தது கேட்டது. பத்திரிகை வேலை எல்லாம் கிடக்கிற பழைய ஹார்டு டிஸ்க்கை இதிலும் மாட்டியிருந்தேன். அவன் கேபினெட்டின் தலையில் உள்ளங்கையை வைத்து, வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று அதே சுருதியைப் பிடித்துக் காட்டினான். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க், விநாடிக்கு 120. அந்த 120 அதிர்வுதான் அவன் பிடித்த சுருதி. பஞ்சும் தார் அட்டையும் கீச்சுச் சத்தத்தை விழுங்கும், இந்த மாதிரி அடிக்குரலையோ கேபினெட்டின் இரும்பே மேஜைக்கும் மேஜை தரைக்கும் கடத்திவிடும். ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. பிறகு மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எலாஸ்டிக் எடுத்து, டிஸ்க் இரும்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும்படி கட்டினேன். சுருதி சுத்தமாக நின்றுவிட்டது. மனைவி காப்பி கொண்டு வந்தவள் பார்த்துவிட்டு, “இன்னாங்க, ஹார்டு டிஸ்க்குக்குத் தூளி கட்டிகினு இருக்கீங்க” என்றாள். தூளி ஒரு வாரம் இருந்தது. கேபினெட்டை நகர்த்தினால் டிஸ்க் ஆடுகிறது, ஓடும் டிஸ்க் ஆடக் கூடாது. கடைசியில் அதைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருகி நகல் எடுத்துக்கொள்கிறேன்.

நடுவில் கத்திரி வந்தது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கேபினெட்டுகளைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கத்திரியில் என் அறை மத்தியானம் 37. ஏ.சி. கிடையாது. வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ, அத்தனையும் அப்படியே ப்ராசஸர் சூட்டில் வந்து சேரும். ஆக அவர்கள் 70 என்று எழுதினால் வேலூருக்கு 85 என்று படித்துக்கொள்ளலாம். இதில் பஞ்சுக் கதவு வேறு. அக்னி நட்சத்திரத்தில் கம்பளி போர்த்திவிட்ட மாதிரி. இருபதடி பேனர் ஒன்றை அச்சுக்குக் கோப்பாக வெளியே எடுக்கும்போது 88 காட்டியது. அந்த ப்ராசஸருக்கு எல்லை 95தான் என்றாலும் எனக்கு வேர்த்தது.

முன்கதவைத் திறந்து வைத்தால் ஆறு டிகிரி இறங்கியது. பயாஸில் 65 வாட் ப்ராசஸரை 45 வாட்டுக்குள் அடங்கச் சொல்லும் வசதி இருந்தது, அதையும் போட்டேன். இன்னும் பத்து. வேகம் குறைந்ததா என்றால், அந்த பேனர் வெளியே வர 50 விநாடிக்குப் பதில் 56 ஆனது. அந்த ஆறு விநாடியில் நான் என்ன சாதித்துவிடப் போகிறேன்?

பிறகுதான் புத்தியில் பட்டது, நான் தேவையில்லாமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். சூடு பகலில், பேனர் வேலையில். அப்போது தெருவில் பழைய பேப்பர்காரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டு சீரியல், எத்தனை சத்தம். கம்ப்யூட்டர் இரைந்தால் யாருக்கு நஷ்டம்? அமைதி ராத்திரிக்கு, வாசிப்புக்கு. ஒலிப்பதிவுக்கு ப்ராசஸர் நூற்றில் இரண்டு பங்குகூட உழைப்பதில்லை. ஆகவே காலையில் கடை திறக்கிற மாதிரி கேபினெட் கதவைத் திறக்கிறேன், ராத்திரி பதினொன்றுக்குச் சாத்துகிறேன். தூசி வலையைப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கழுவுகிறேன். ஒவ்வொரு தரமும் பாலாறு கொஞ்சம் வருகிறது. தண்ணீர்தான் வருவதில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பேசாமல் பத்து விநாடி பதிந்து அளந்தேன். மைனஸுக்குப் பின்னால் எண் எவ்வளவு பெரிசோ, அவ்வளவு அமைதி. பழைய டப்பாவில் மைனஸ் 44 டெசிபல். புதுசில் ஹார்டு டிஸ்க் இருந்தபோது மைனஸ் 52. கழற்றியதும் மைனஸ் 57. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் சவுண்டைப் பெரிதாக்கிக் கேட்டால் “ஙொய்ய்” என்று மெல்லிய ஒரு இழை. ஃபேனெல்லாம் நிறுத்திப் பார்த்தேன், போகவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். கேபினெட்டின் பின்பக்க இரும்பில் மணிக்கட்டு பட்டால் சுருக்கென்று மெல்ல இழுத்தது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது.

எர்த் இல்லை. பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, சுவருக்குள் பச்சை ஒயரும் இருக்கிறது, அது போய்ச் சேரும் இடம்தான் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். கொல்லையில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எர்த் குழி, அப்பா வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டு இறக்கிய இரும்புக் குழாய். குழாயின் தலையில் ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து கையோடு உதிர்ந்து வந்தது. சுற்றியிருந்த மண் விபூதி மாதிரி காய்ந்திருந்தது. “மண்ணு காஞ்சா எர்த் வேல செய்யாதும்மா. வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் ஊத்துங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, புது கிளாம்ப் போட்டு, இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கசிகிற துளி மின்சாரம் போக வழியின்றி கேபினெட்டிலேயே நிற்கும். அதுதான் என் மணிக்கட்டைச் சுண்டியதும், யுஎஸ்பி ஒயர் வழியாக மைக்குக்குள் நம் கரண்டின் 50 அதிர்வை ஏற்றிவிட்டதும். அன்றைக்கு ராத்திரி மறுபடி அளந்தேன். மைனஸ் 63. நாற்பதாயிரத்துக்கு வாங்கிய அமைதியில் கடைசிப் பங்கு ஒரு கிளாம்ப்பிலும் இரண்டு குடம் தண்ணீரிலும் இருந்திருக்கிறது. அம்மா இப்போது அரிசி கழுவிய தண்ணீரைத் துளசிக்குப் பாதி, எர்த் குழிக்குப் பாதி என்று ஊற்றுகிறாள். துளசிக்கு மட்டும் கும்பிடு.

போன வாரம் புரட்சிப் பாடத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்து அனுப்பினேன். புதுத் தலைப்பாகை உத்தரவு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், கில்லஸ்பி, எல்லாம். நாற்பத்தியிரண்டு நிமிஷம். மறுநாள் காலை எட்டு மணிக்கே போன் வந்தது.

“ஹெலிகாப்டர் போயிடுச்சு சித்தப்பா.”

“மூச்சு?”

“இல்ல.”

“ஙொய்?”

“அதுவும் இல்ல. ஆனா…” என்று இழுத்தான். “ஒவ்வொரு பக்கம் திருப்புறதுக்கு முன்னாடியும் விரல நாக்குல தொட்டுக்கிறீங்க. அது கேக்குது.”

மத்தியானம் காந்தி நகர் ஸ்டேஷனரிக் கடையில், பேங்க்கில் பணம் எண்ணுகிறவர்கள் விரல் நனைக்க வைத்திருப்பார்களே, அந்த ஸ்பாஞ்ச் டப்பா வாங்கி வந்தேன். முப்பது ரூபாய்.